வண்டியை மாற்றக் காரணம்

சனிக்கிழமை மாலை நான்கு மணியிலிருந்து செவ்வாய்க்கிழமை பகல் பன்னிரண்டு மணி வரை அறுபத்தெட்டு மணி நேரம். அம்மாவுக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். மற்ற இரண்டு இடைவெளிகள் நாற்பத்து நான்கு மணி நேரம்தான். இது ஒன்றுதான் நீளம். இதில்தான் கால் வீங்கும், முகம் ஊதும், திங்கட்கிழமை இரவு படுக்க முடியாமல் அம்மா சுவரில் தலையணையைச் சாய்த்து உட்கார்ந்திருப்பாள்.

ஆம்பூரிலும் மெஷின் இருக்கிறது. ஆனால் அம்மாவுக்குப் பாதியில் பிரஷர் இறங்கிவிடும். அதனால் வேலூரில்தான் செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். போக ஐம்பது கிலோமீட்டர், வர ஐம்பது. முதல் மாதம் பஸ்ஸில் போனோம். பள்ளிகொண்டா டோல்கேட்டில் அம்மா மயங்கி விழுந்த பிறகு அப்பா வண்டியை எடுத்தார்.

எங்கள் வண்டி இருபத்திரண்டு வருட ஆம்னி. அப்பா பதினான்கு வருடம் ஒரு தோல் மண்டி முதலாளியிடம் டிரைவராக இருந்தார். ஒடுகத்தூர், பேர்ணாம்பட்டு பக்கமெல்லாம் போய் உப்புப் போட்ட ஆட்டுத்தோலை இந்த ஆம்னியில்தான் ஏற்றி வருவார். மண்டியை மூடும்போது முதலாளி வண்டியை அப்பாவுக்கே கொடுத்துவிட்டார். இப்போது அப்பா ஒரு ஷூ கம்பெனியில் இரவு வாட்ச்மேன். பகலில் அம்மாவை வேலூருக்கு ஓட்டிச் செல்கிறார். எப்போது தூங்குகிறார் என்று நாங்கள் கேட்பதில்லை.

அந்தச் சனிக்கிழமை நானும் வேலை செய்யும் லேபில் பெர்மிஷன் போட்டுவிட்டுக் கூடப் போயிருந்தேன். திரும்பி வரும்போது மழை. ஆம்பூர் பெத்லகேம் பகுதித் தரைப்பாலத்தில் முழங்கால் அளவு தண்ணீர். நடுவில் நிறுத்தினால் என்ஜின் அணைந்துவிடும் என்று அப்பா முதல் கியரிலேயே ஓட்டினார். பின்சீட்டில் அம்மாவின் காலுக்குக் கீழே ஏதோ மடிந்தது போல ஒரு சத்தம். அம்மா காலைத் தூக்கிக்கொண்டாள். கால்மிதியில் பாதி கீழே போனது. அதோடு அவளுடைய ஒரு செருப்பும் போனது. வண்டியின் தரையில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஓட்டை. அதன் வழியாகத் தண்ணீர் உள்ளே வந்தது.

நான் அம்மாவின் இரண்டு காலையும் என் மடியில் தூக்கி வைத்துக்கொண்டேன். ஊசி குத்திய கையை அவள் மார்போடு சேர்த்துப் பிடித்திருந்தாள்.

"இன்னா ஆச்சு?" என்றார் அப்பா, திரும்பாமல்.

"ஒண்ணும் இல்லீங்க. செருப்பு போய்ட்சு" என்றாள் அம்மா. "ஆம்பூர்ல செருப்புக்கா பஞ்சம். ஓட்டுங்க."

மேட்டில் ஏறியதும் அப்பா நிறுத்திப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு மீதிக் கால்மிதியை அந்த ஓட்டையின் மேல் இழுத்துவிட்டார்.

"ப்பா, வண்டிய மாத்தியே ஆவணும்" என்றேன்.

"ஆரம்பிச்சிட்டியா" என்றார்.

அவர் சொன்னதில் தப்பில்லை. ஒரு மாதமாக நான் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. கெமிஸ்ட்ரி படித்தேன், தோல் பதனிடும் டேனரி லேபில் வேலை செய்கிறேன், வைவா தேர்வில் கூடப் பாதி பதிலைத்தான் சொல்வேன். ஆனால் வண்டி விஷயத்தில் மட்டும் எனக்குப் பேச்சு வந்தது. காரணங்களை ஒரு தாளில் எழுதியே கொடுத்தேன். அப்பா அதைச் சாப்பிடும்போது எதிரில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தள்ளினார்.

"மைலேஜ் கம்மி. இருக்கட்டும், ஊர் சுத்தவா போறோம். ஏசி இல்ல. உங்கம்மாக்குக் குளுரு ஆவாது. பின்சீட்ல சாய முடியல. தலவாணி வெச்சுக்கலாம். பிரேக்கு. பிரேக்குக்கு இன்னா கொற?"

"புடிக்கும்போது ஒரு பக்கம் இழுக்குதுப்பா."

"எனக்குத் தெரியும் எந்தப் பக்கம் இழுக்கும்னு."

கடைசியில் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "வண்டிய மாத்துனா அவளுக்குச் சரியாய்டுமா, பாப்பா?" என்று கேட்டார். நான் தட்டைக் கழுவ எழுந்துவிட்டேன்.

ஒரு மாதம் என்றால் சரியாக முப்பத்தோரு நாள். என் டெஸ்ட் ரிசல்ட் வந்த நாளிலிருந்து.

கிட்னி கொடுக்க வீட்டில் வேறு யாரும் இல்லை. அப்பாவுக்குச் சர்க்கரை. ஓசூரில் இருக்கும் அண்ணன் ஜோவினுக்கு வேறு ரத்த வகை. எனக்கும் அம்மாவுக்கும் ஒரே வகை. அம்மாவுக்கு நான் டெஸ்டுக்குப் போவதே பிடிக்கவில்லை. கல்யாணம் ஆகாத பெண், வேண்டாம் என்று அப்பாவிடம் இரண்டு நாள் பேசாமல் இருந்தாள். நானே தனியாகப் போய் எல்லா டெஸ்டும் எடுத்துக்கொண்டேன். ஸ்கேன் எடுத்த அன்று ஒரு நர்ஸ் என் இடுப்பில் விரலால் ஒரு கோடு இழுத்துக் காட்டினார். "இவ்ளோதாம்மா. பயப்படாத" என்றார். குளிர்ந்த விரல். வீட்டுக்கு வந்தும் அந்தக் கோடு போகவில்லை. சோப்புப் போடும்போது அந்த இடத்தைச் சுற்றிப் போனேன்.

ரிசல்ட்டையும் நானே வாங்கி வந்தேன். அப்பா வாசலிலேயே நின்றிருந்தார்.

"இன்னா போட்டிருக்கு?"

"கிராஸ்மேட்ச் நெகட்டிவ்னு போட்டிருக்கு" என்றேன்.

தாளில் அப்படித்தான் இருந்தது.

அப்பா வீட்டின் பின்பக்கம் போனார். துணி துவைக்கும் கல்லின் மேல் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். அம்மா உள்ளே இருந்து, "ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்றாள். என்னைக் கூப்பிட்டு, நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள், காய்ச்சல் பார்ப்பது போல. அன்று இரவு அவள் நன்றாகத் தூங்கினாள்.

மறுநாளிலிருந்து எனக்கு ஒரு வண்டி வேண்டியிருந்தது. நல்ல வண்டி. ஓட்டை இல்லாத, நிற்காத, அம்மாவைப் படுக்க வைத்தே கொண்டுபோகக்கூடிய வண்டி. அப்படி ஒன்று இருந்தால் வாரத்தில் மூன்று நாள், எத்தனை வருடம் வேண்டுமானாலும் போய் வரலாம் என்று கணக்குப் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அப்பாவும் நானும் வண்டியை மெக்கானிக் சர்தார் பாஷாவின் ஷெட்டுக்குக் கொண்டுபோனோம். சர்தார் பாஷா ஜாக்கி போட்டுத் தூக்கி, கீழே படுத்து, ஸ்க்ரூடிரைவரால் அங்கங்கே குத்திப் பார்த்தார். குத்திய இடமெல்லாம் உள்ளே போனது.

"சாந்தண்ணா, கீழ வண்டியே இல்ல. பெயிண்ட்டு மட்டும்தான் கீது" என்றார் அப்பாவிடம்.

"மழத்தண்ணி பாய்."

"மழ இப்டி சாப்டாதுண்ணா. அது மேலாக்க நக்கிட்டுப் போய்டும். இது உக்காந்து சாப்ட்டு கீது. உப்பு." அவர் வெளியே வந்து கையைத் துடைத்தார். "தோலு ஏத்தினது போதாதுன்னு ஊட்டுக்காரம்மாவ ஏத்தினு போற. பேஜாரு புடிச்ச வண்டிண்ணா இது. குடுத்துட்டு வேற எடு."

"எவ்ளோ நாள் தாங்கும்?"

"ஓட்டுறவன் நீ. என்னக் கேட்டா?"

தகடு ஒன்றை வெட்டி வைத்து ரிவெட் அடித்தார். தகடு பிடிக்க இடம் போதாமல், அதன் மேல் ஷூ அடிப்பகுதிக்குப் போடும் தடித்த தோல் ஒன்றை விரித்துச் சுற்றிலும் முடுக்கினார். "அக்கா கால்ல செருப்பு இல்லன்னா கூட இனிமே வண்டி போட்டுக்கும்" என்றார். அப்பா சிரித்தார். அந்த வாரத்தில் அவர் சிரித்தது அப்போதுதான்.

ஷெட்டில் உதிர்ந்து கிடந்த துருவை நான் ஒரு காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டேன். திங்கட்கிழமை லேபில் அதைத் தண்ணீரில் கரைத்து வடிகட்டி, சில்வர் நைட்ரேட் நான்கு சொட்டு விட்டேன். பால் போல வெள்ளையாகிவிட்டது. சர்தார் பாஷா சொன்னதுதான் சரி, உப்பு. சோதனைக் குழாயைக் கழுவி வைத்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. தெரிந்த ரிசல்ட்டைச் சொல்லாமல் வைத்துக்கொள்வது அவ்வளவு கஷ்டமில்லை.

அன்று லேபில் ஒரு பெரிய ஆர்டருக்கான தோலில் குரோம் ஆறு இருக்கிறதா என்று பார்த்தோம். அந்த வகை குரோம் இருந்தால் தோல் கப்பலேறாது. நெகட்டிவ் வந்தது. மேனேஜர் எல்லோருக்கும் சமோசா வாங்கித் தந்தார். நான் என் பங்கைக் கூட வேலை செய்யும் ஜோதியக்காவிடம் கொடுத்துவிட்டேன். "இன்னாடி, நெகட்டிவ் வந்த அன்னிக்குப் போயி மூஞ்சத் தூக்கி வெச்சினு இருக்க?" என்று கேட்டாள் அவள்.

மாலையில் நான் வரச்சொல்லியிருந்த பிரேம்நாத் வீட்டுக்கு வந்தார். வேலூரில் பழைய கார்களை வாங்கி விற்கும் கம்பெனி ஒன்றில் வேலை. பழைய வண்டியைக் கொடுத்துவிட்டு, கொஞ்சம் மேலே போட்டு, நல்ல நிலைமையில் உள்ள வண்டியை எடுத்துக்கொள்ளலாம். அப்பாவுக்கு விருப்பமில்லை. ஆனாலும் அம்மா மூச்சு வாங்கிக்கொண்டு, "அவ ஆசைக்கு ஒரு தடவ காட்டுங்களேன்" என்று சொன்னதால் வெளியே வந்தார்.

பிரேம்நாத் வண்டியைச் சுற்றி வந்தார். பேனாவால் தரையைத் தட்டினார். தோல் மேல் தட்டியதால் சத்தமே வரவில்லை. "இது புதுசா இருக்கே" என்றார். பிறகு ஆர்.சி. புத்தகம் கேட்டார். அப்பா உள்ளே போனார்.

அப்பா வரும்வரை பிரேம்நாத் என்னிடம் ஃபார்மைக் கொடுத்தார். பெயர், ஊர், வண்டி எண். அதற்குக் கீழே, 'வண்டியை மாற்றக் காரணம்' என்று போட்டு ஐந்து கட்டங்கள். மைலேஜ். அடிக்கடி ரிப்பேர். குடும்பம் பெரிதாகிவிட்டது. புது மாடல் ஆசை. மற்றவை.

நான் பேனாவை வைத்துக்கொண்டு நின்றேன்.

"மைலேஜ்ல டிக் அடிச்சிடுங்க மேடம்" என்றார் பிரேம்நாத். "எல்லாரும் அதான் அடிப்பாங்க. நாலு வருஷமா இத வெச்சினு சுத்தறேன், நெஜமான காரணத்த எழுதுனவங்க கம்மி. காட்பாடில ஒருத்தர், வண்டி வாங்கி எட்டு மாசம்தான். இன்னா சார்னா மைலேஜ்ன்றாரு. அப்புறம் பாத்தா மச்சான் பெரிய வண்டி வாங்கிட்டான். ஆற்காட்டுல ஒரு டீச்சரம்மா. வீட்டுக்காரர் தவறிட்டாரு. பக்கத்து சீட்டு காலியா இருக்கறதப் பாத்துனே ஓட்ட முடியலன்னு மாத்தினாங்க. அவங்களும் மைலேஜ்னுதான் எழுதினாங்க. நம்மளும் ஒண்ணும் கேக்கறதில்ல."

நான் 'மற்றவை' கட்டத்தில் டிக் அடித்தேன்.

"அதுக்குப் பக்கத்துல எழுதணும் மேடம்."

'தரை' என்று எழுதினேன்.

அப்பா இன்னும் வரவில்லை. என் போன் அடித்தது. வேலூர் நம்பர். நான் தெருமுனை வரை நடந்து போய் எடுத்தேன். "இன்னும் ரெண்டு நாள் குடுங்க மேடம். சொல்லிடறேன்" என்று மட்டும் சொல்லி வைத்தேன். திரும்பி வரும்போது அப்பா வாசலில் நின்றிருந்தார்.

"யாரு?"

"வண்டி விஷயம்தாம்ப்பா."

அவர் கையில் ஆர்.சி. இல்லை. பிரேம்நாத் காத்திருந்து பார்த்துவிட்டுத் தன் போனில் வண்டி எண்ணைப் போட்டார். "சார், ஓனர் பேரு வேற வருதே" என்றார்.

அது முதலாளியின் பெயர். வண்டியை அப்பாவுக்குக் கொடுத்துப் பன்னிரண்டு வருடமாகியும் அது அவர் பெயரிலேயே இருந்தது. அவர் இறந்து ஆறு வருடம். பிள்ளைகள் எல்லோரும் துபாய்க்கும் கனடாவுக்கும் போய்விட்டார்கள்.

"பேர் மாத்தலயா சார்?"

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "அந்த மனுசன் சாவியக் கையில குடுத்து, சாந்தா, இது உன்னுதுன்னாரு. பசங்க எதிர்ல குடுத்தாரு. அவராண்ட போயி, மொதலாளி, இதுல ஒரு கையெழுத்துப் போடுங்கன்னு எப்டிப்பா கேக்கறது? நம்பலன்ற மாதிரி ஆய்டாது?"

பிரேம்நாத் ஃபார்மை மடித்தார். "இத எங்களால எடுக்க முடியாது சார். வாரிசு எல்லாரும் கையெழுத்துப் போடணும். இல்லன்னா பழைய இரும்புக்குக்கூட..." என்று நிறுத்திக்கொண்டார். போகும்போது என்னிடம், "ஸாரி மேடம்" என்றார்.

அப்பா என் பக்கம் திரும்பவில்லை. "இதான் காரணம். நீ கேட்டுனே இருந்த இல்ல" என்றார். பிறகு டியூட்டிக்குச் சட்டை மாற்றப் போனார்.

செவ்வாய்க்கிழமை நான் லீவு போட்டேன். காலையில் அப்பா டியூட்டி முடிந்து வந்து முகம் கழுவிக்கொண்டு சாவியை எடுத்தார். அம்மாவின் கால் செருப்புக்குள் போகவில்லை. வெறுங்காலையே அந்தத் தோல் விரிப்பின் மேல் வைத்துக்கொண்டாள். ஒன்பதே முக்காலுக்குக் கிளம்பினோம்.

மாதனூர் தாண்டியதும் வண்டிக்குக் கீழே ஏதோ சாலையில் உரசும் சத்தம் கேட்டது. அடுத்த நிமிடம் என்ஜின் சத்தம் லாரி போல ஆனது. தகட்டின் ஓரங்களிலிருந்து புகை வந்தது. அம்மா இருமத் தொடங்கினாள். அவளுக்கு இருமவும் மூச்சு போதவில்லை. நான் கதவைத் திறந்து அவளை அணைத்துப் பிடித்தேன். அப்பா ஓரம் கட்டினார்.

சைலன்ஸர் பிடித்திருந்த இடம் துருவோடு பிய்ந்து வந்துவிட்டது. அப்பா சீட்டுக்கு அடியிலிருந்து கம்பியை எடுத்துக்கொண்டு வண்டிக்குக் கீழே படுத்தார். பக்கத்தில் லாரிகள் போகும் ஒவ்வொரு முறையும் வண்டி ஆடியது. அவருடைய கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. நான் அவற்றையும் போனில் நேரத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். பத்து ஐம்பது. பதினொன்று ஐந்து. அம்மாவின் உதடு நீலமாக இருந்ததா, எனக்கு அப்படித் தெரிந்ததா என்று சொல்ல முடியவில்லை.

அப்பா வெளியே வந்தபோது கை கறுப்பாக இருந்தது. சைலன்ஸரைக் கட்டிவிட்டார். ஆனால் எழுந்து ஓட்டுநர் இருக்கைக்குப் போகவில்லை. திறந்திருந்த கதவுக்கு எதிரில், சாலையோரச் சரளைக் கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"போலாங்க" என்றாள் அம்மா.

"போலாம்." அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பத்து நாள் டைம் குடு இன்பம். யார்கிட்டயாவது சொல்லி ஒரு வண்டி பாக்கறேன்" என்றார் அம்மாவிடம்.

"வண்டியும் வாணாம், ஒண்ணும் வாணாம்." அம்மா ஒவ்வொரு சொல்லுக்கும் நிறுத்தி மூச்சு இழுத்தாள். "நானும் நெனச்சுனேதான் இருக்கறேன். இன்னிக்கு டாக்டராண்ட சொல்லிடலாம். இதோட போதும்னு."

"போதும்னா?"

"போதும்னா போதும். நீங்க தூங்கி எத்தன நாளாச்சு. ஒரு நாள் நீங்க கண்ண மூடுனா நாம மூணு பேரும் போய்டுவோம்."

"இன்னா பேச்சு பேசற நீ."

"யாராச்சும் குடுக்கற மாதிரி இருந்தா அது வேற. ஜோவினுக்கு ரத்தம் சேரல. உங்களுக்குச் சக்கர. இவளுக்கும் நெகட்டிவ்னு வந்துட்சு." அம்மா என் கையைத் தேடிப் பிடித்தாள். அவள் விரல்கள் வீங்கி மோதிரம் உள்ளே போயிருந்தது. "அது கர்த்தர் செஞ்சது. எம் பொண்ணு உடம்புல ஒரு கத்தி படாம வெச்சாரு. எனக்கு அதுவே போதுங்க. நா சந்தோசமாதான் சொல்றேன்."

அப்பா கறுப்புக் கையாலேயே முகத்தைத் துடைத்தார்.

என் போன் அடித்தது. அதே வேலூர் நம்பர். என் இடுப்பில் அந்தக் கோடு இருக்கும் இடம் குளிர்ந்தது.

"அந்த வண்டிக்காரனா?" என்றார் அப்பா. "வாணாம்னு சொல்லிடு பாப்பா. மாத்த முடியாதுன்னு சொல்லிடு."

"வண்டிக்காரங்க இல்லப்பா. ஆஸ்பத்திரி."

"ஆஸ்பத்திரியா? லேட்டாவும்னு சொல்லு. பன்னெண்டுக்குள்ள வந்துடுவோம்னு சொல்லு." அவர் எழுந்துகொண்டார். "எடு."

போன் அடித்துக்கொண்டே இருந்தது. அம்மா என் கையை விடவில்லை.

"ப்பா" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. ஒரு லாரி போகும்வரை காத்திருந்து, மறுபடி சொன்னேன். "ப்பா, அந்த டெஸ்டுல நெகட்டிவ்னா சேராதுன்னு அர்த்தம் இல்ல. சேரும்னு அர்த்தம். என்னுது அம்மாக்குச் சேரும்."